படுத்தால் தேறாத முதுகு

வட சிலாங்கூர்த் தோட்டப்புறங்களில் இடுப்புவலி பற்றி நிலவும் கருத்து ஒன்றே ஒன்றுதான். உழைத்து உழைத்து முதுகெலும்பு தேய்ந்துபோனது, தேய்ந்தது திரும்பாது, ஆகவே படுக்க வேண்டும், இடுப்பைக் கட்ட வேண்டும், இனி எதையும் தூக்கக் கூடாது. பெஸ்தாரி ஜெயா, புக்கிட் ரோத்தான், ஈஜோக், தஞ்சோங் காராங் என்று எந்தப் பக்கம் போனாலும், பால்மரக் காலத்துப் பாட்டி முதல் தொழிற்சாலைக்குப் போகும் பேரன் வரை இதில் கருத்து வேறுபாடு கிடையாது. தோட்ட ஆஸ்பத்திரி இருந்த நாளில் டிரெசரும் இதைத்தான் சொன்னார். இன்று எக்ஸ்ரே படத்தைப் பார்த்துவிட்டுக் கிளினிக்கில் சொல்லப்படுவதும் பெரும்பாலும் இதுதான். நிர்வாகங்கள் தம் பங்குக்கு ஒன்றைச் சேர்த்துக்கொண்டன: ஆளுக்குச் சரியாகக் குனியத் தெரியவில்லை, அதனால் வந்த வலி.

மூன்று தரப்பும் வேறு வேறு பேசுவதுபோல் தெரிந்தாலும் அடியில் கிடப்பது ஒரே எண்ணம். உடம்பு பயன்படுத்தப் பயன்படுத்தத் தீர்ந்துபோகும், தவறாகப் பயன்படுத்தினால் சீக்கிரம் தீர்ந்துபோகும் என்பதே அது. கடந்த நாற்பது ஆண்டுகளில் இந்த எண்ணத்தைச் சோதித்துப் பார்த்த ஆய்வுகள் ஒன்றன்பின் ஒன்றாக அதைப் பொய்யாக்கியிருக்கின்றன. ஓய்வு குணப்படுத்தவில்லை, இடுப்புக் கச்சு காப்பாற்றவில்லை, குனியும் முறையைக் கற்றுக்கொடுப்பதும் பலன் தரவில்லை. பலன் தந்தவை இரண்டு: உடம்பின் வலுவைப் படிப்படியாகக் கூட்டுவது, வேலையின் சுமையையும் நேரத்தையும் மாற்றி அமைப்பது.

எந்த வேலையைப் பற்றிய பேச்சு என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. மலேசியாவில் வணிக முறையில் செம்பனை முதன்முதலாக நடப்பட்டது 1917-இல், கோலாசிலாங்கூர் மாவட்டத்தின் தென்னமரம் தோட்டத்தில். நட்டவர் ஆன்றி ஃபோக்கோனியே என்னும் பிரெஞ்சுக்காரர். பத்தாங் பெர்ஜுந்தை என்ற பழைய பெயரை இன்னும் விடாத பெஸ்தாரி ஜெயாவுக்குப் பக்கத்தில்தான் அந்தத் தோட்டம். ஆக, இந்த மரத்தோடு மனித உடம்பு மல்லுக்கு நிற்பதை நூறாண்டுக்கும் மேலாக இவ்வட்டாரம் பார்த்து வருகிறது. குலை ஒன்று பத்து முதல் இருபத்தைந்து கிலோ இருக்கும். சில மரங்களில் அதற்கும் மேல். குட்டை மரத்தில் உளியால் குத்தி இறக்கலாம். மரம் உயர்ந்துவிட்டால் நீண்ட அலுமினியக் கழியின் நுனியில் அரிவாளைக் கட்டி, கழுத்தை அண்ணாந்து, கைகளைத் தலைக்கு மேல் தூக்கி இழுக்க வேண்டும். விழுந்த குலையைத் தள்ளுவண்டியில் ஏற்றி நிரையின் ஓரத்துக்குக் கொண்டுவர வேண்டும். தஞ்சோங் காராங் பக்கத்துக் கரிமண்ணில் மழைக்குப் பிறகு வண்டிச் சக்கரம் புதையும். உதிரிப் பழம் பொறுக்குவது பெரும்பாலும் பெண்களின் வேலை: மரத்துக்கு மரம் குனிவதும் நிமிர்வதும்தான். அதற்கு முந்தைய தலைமுறைக்குப் பால்மரம். விடியுமுன் தலைவிளக்கோடு புறப்பட்டு, நானூறு ஐந்நூறு மரங்களைச் சீவி, தாழ்ந்த வெட்டுக்கு உட்கார்ந்தும் உயர்ந்த வெட்டுக்கு எட்டியும், கடைசியில் காண்டாக் கம்பின் இரு முனையிலும் வாளிகளைத் தொங்கவிட்டுத் தோளில் சுமந்தார்கள்.

இந்த வேலை வலியை உண்டாக்கும் என்பதை மறுப்பவர் யாரும் இல்லை. மறுக்க வேண்டியது, அது எப்படி வலியை உண்டாக்குகிறது என்று சொல்லப்படும் கதையை.

சைக்கிள் டயர் ஓட ஓடத் தேயும், நிறுத்தி வைத்தால் தேயாது. எலும்பின் கதை நேர்மாறானது. நிறுத்தி வைத்தால்தான் அது கரையும். சுமை விழும் இடத்தில் எலும்பு தன்னைத் தடிப்பாக்கிக்கொள்கிறது என்பதை ஜெர்மானிய மருத்துவர் யூலியுஸ் வோல்ஃப் 1892-இலேயே எழுதிவிட்டார். விண்வெளி நிலையத்தில் எடையின்றி மிதக்கும் வீரர்கள் முதுகிலும் இடுப்பிலும் மாதத்துக்கு ஒன்று முதல் ஒன்றரை விழுக்காடு வரை எலும்பை இழக்கிறார்கள். முதுகுக்குச் சுமையே இல்லாத வாழ்க்கை அது. தேய்மானக் கதை உண்மையானால் உலகிலேயே திடமான முதுகு அவர்களுக்குத்தான் இருந்திருக்க வேண்டும்.

முதுகெலும்புகளுக்கு இடையிலுள்ள தட்டுகள் எலும்பைப்போல விரைவில் புதுப்பித்துக்கொள்பவை அல்ல என்பது உண்மை. அவற்றின் சிதைவுக்கு வேலைதான் காரணமா என்று பின்லாந்தில் ஆராய்ந்தார்கள். மரபணு ஒன்றாகவும் வாழ்க்கை வேறாகவும் அமைந்த 115 ஜோடி ஒற்றைக்கரு இரட்டையரின் முதுகை எம்.ஆர்.ஐ. எடுத்து ஒப்பிட்டு, 1995-இல் முடிவை வெளியிட்டார்கள். இடுப்பின் மேற்பகுதித் தட்டுகளில் காணப்பட்ட வேறுபாட்டில் வாழ்நாள் வேலைச் சுமை விளக்கியது 7 விழுக்காடுதான். வலி அதிகம் வரும் கீழ்ப்பகுதித் தட்டுகளில் வேலையின் பங்கு தனியே தெரியவே இல்லை. உடல் உழைப்பில் எஞ்சியது ஓய்வுநேர உழைப்பு ஒன்றே, அதுவும் 2 விழுக்காடு. பிறப்பும் வளர்ப்பும் விளக்கியது அதைவிடப் பன்மடங்கு. ஆயுளெல்லாம் சுமை தூக்கியவரின் தட்டும், மேசையில் உட்கார்ந்திருந்த அவர் சகோதரரின் தட்டும் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருந்தன.

சரி, தேய்மானம் எதனால் வந்தால் என்ன, வலிக்குக் காரணம் அதுதானே என்று கேட்கலாம். அதற்கும் விடை இருக்கிறது. வலியே இல்லாத 98 பேரை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்து 1994-இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வெளிவந்தது. அவர்களில் 52 விழுக்காட்டினருக்கு ஒரு தட்டாவது பிதுங்கியிருந்தது. 2015-இல், வலியில்லாத 3,110 பேரின் படங்களை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது, இருபது வயதினரில் 37 விழுக்காட்டினருக்கே தட்டுச் சிதைவு தெரிந்தது; எண்பது வயதினரில் 96 விழுக்காட்டினருக்கு. நரை எப்படி நோயில்லையோ அப்படித்தான் இதுவும். அறுபது வயது மூதாட்டியின் எக்ஸ்ரேயைக் காட்டி, பால்மரம் சீவியதால் தேய்ந்துவிட்டது என்று சொல்வது அவருடைய வயதைத்தான் சொல்கிறது, வலியின் காரணத்தை அல்ல. ஆனால் அந்த ஒரு வாக்கியம் செய்யும் கெடுதல் பெரிது. அதன் பிறகு அவர் குனியப் பயப்படுகிறார், பேரப்பிள்ளையைத் தூக்கப் பயப்படுகிறார், கோயில் படி ஏறப் பயப்படுகிறார். ஆறு மாதத்தில் தொடைத் தசை வற்றிவிடுகிறது. பிறகு வருகிற வலிக்குத் தட்டு பொறுப்பல்ல.

தேய்ந்தது திரும்பாது என்பதும் முழு உண்மையல்ல. தட்டு பிதுங்கி நரம்பை அழுத்தி, காலில் மின்னல்போல இறங்கும் வலியைக்கூட உடம்பு பெரும்பாலும் தானே சரிசெய்துகொள்கிறது. பிதுங்கிய பகுதியைச் சில மாதங்களில் கரைத்தும் விடுகிறது. வியப்பு என்னவென்றால், பெரிதாகப் பிதுங்கி வெளியே வந்ததுதான் அதிகம் கரைகிறது. அறுவை சிகிச்சை தேவைப்படுவது சிலருக்கு மட்டுமே.

மூட்டு விஷயத்தில் ஒரு சலுகை கொடுத்தாக வேண்டும். பல ஆண்டுகள் மண்டியிட்டும் குந்தியும் செய்யும் வேலை முழங்கால் மூட்டுவாதத்துக்கான வாய்ப்பைக் கூட்டுகிறது. தாழ்ந்த வெட்டு சீவிய பழைய பால்மரத் தொழிலாளிகளின் முழங்கால் இதற்குச் சாட்சி சொல்லும். ஆனால் காரணம் உழைப்பு என்பதால் மருந்து ஓய்வாகிவிடாது. மூட்டுவாதம் வந்த முழங்காலுக்கும் உலகெங்கும் முதலில் பரிந்துரைக்கப்படுவது தொடைத் தசைக்கு வலுவூட்டும் பயிற்சியும் எடைக் குறைப்பும்தான். உடல் எடையில் ஒரு கிலோ குறைந்தால், நடக்கையில் ஒவ்வோர் அடியிலும் முழங்காலின் மேல் விழும் சுமை நான்கு கிலோ அளவுக்குக் குறைகிறது. தைலத்துக்குச் செலவழிக்கும் காசைவிட இது மலிவு.

இனி ஓய்வு. இடுப்பு பிடித்துக்கொண்டால் ஒரு வாரம் எம்.சி. என்னும் மருத்துவ விடுப்புச் சான்று எழுதி, பலகைக் கட்டிலில் படுக்கச் சொல்வது ஒரு காலத்தில் உலக வழக்கம். 1986-இல் அமெரிக்காவில் 203 நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியினரை இரண்டு நாளும் மறுபாதியினரை ஏழு நாளும் படுக்கச் சொன்னார்கள். குணமானதில் வேறுபாடில்லை, இரண்டு நாள் படுத்தவர்கள் இழந்த வேலைநாள் மட்டும் 45 விழுக்காடு குறைவு. 1995-இல் ஹெல்சின்கி நகராட்சி ஊழியர்கள் 186 பேரிடம் ஒரு படி மேலே போய்ச் சோதித்தார்கள். ஒரு பிரிவினர் இரண்டு நாள் படுத்தார்கள். இன்னொரு பிரிவினர் முதுகை வளைக்கும் பயிற்சி செய்தார்கள். மூன்றாம் பிரிவினர் வலி அனுமதிக்கும் அளவுக்கு வழக்கமான வேலைகளைத் தொடர்ந்தார்கள். வேகமாகத் தேறியது மூன்றாம் பிரிவு. மெதுவாகத் தேறியது படுத்த பிரிவு. கடும் வலியின் முதல் நாளிலேயே பயிற்சி என்று வளைப்பதும் உதவவில்லை என்பதை இங்கே கவனிக்க வேண்டும்.

தோட்டத்தில் ஓய்வுக்கு ஒரு நியாயம் இருந்தது, அதையும் மறைக்கக் கூடாது. எம்.சி. இல்லாமல் வேலை குறையாது. 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி இரண்டாண்டுக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 14 நாள், ஐந்தாண்டு வரை 18 நாள், அதற்கு மேல் 22 நாள் சம்பளத்தோடு மருத்துவ விடுப்பு உண்டு. பெரட்டில், அதாவது காலை ஆள் கணக்கில், நின்றால் முழு வேலை, எம்.சி. காட்டினால் முழு ஓய்வு. நடுவில் எதுவும் இல்லை. வலி வந்தவருக்குத் தேவைப்பட்டதோ அந்த நடுவில் இருக்கும் ஒன்று: அரை நாள் வேலை, பாதிக் குலை, குட்டை மரம், கழிக்குப் பதில் வேறு கருவி. படுக்கையை ஒருவர் தேர்ந்தெடுத்ததற்கு அறியாமை மட்டும் காரணமல்ல; அவருக்கு முன் வைக்கப்பட்ட இரண்டில் அது ஒன்றே தாங்கக்கூடியதாக இருந்தது.

நிர்வாகத்தின் கதைதான் மூன்றிலும் வலுவற்றது, ஆனால் சுவரில் பெரிதாகத் தொங்குவது அதுதான். முழங்காலை மடக்கு, முதுகை நேராக வை, பெட்டியை உடம்போடு அணைத்துத் தூக்கு என்று படம் போட்டிருக்கும். படத்திலுள்ள மனிதன் சமதளத்தில் நின்று, கைப்பிடி வைத்த பெட்டியை, நாளுக்கு ஒரே முறை தூக்குகிறான். முள் நிறைந்த, பிடியில்லாத, வட்டமான குலையை வாய்க்கால் ஓரத்துச் சரிவில் தூக்குகிறவனுக்கு அந்தப் படத்தில் இடமில்லை. உதிரிப் பழம் பொறுக்கும் பெண் ஒவ்வொரு பழத்துக்கும் முழங்காலை மடக்கி எழுந்தால், முதுகு தப்பினாலும் முழங்கால் தப்பாது. பத்து மரத்துக்குள் மூச்சு வாங்கிவிடும். அவர் குனிந்து பொறுக்குவது அறியாமையால் அல்ல, உடம்பின் கணக்கால்.

படம் பொருந்தவில்லை என்பது ஒருபுறம் இருக்க, பொருந்தும் இடத்திலும் அது பயன்படவில்லை. அமெரிக்க அஞ்சல் துறையின் 2,534 ஊழியர்களுக்கும் 134 மேற்பார்வையாளர்களுக்கும் சரியாகத் தூக்கும் முறையைக் கற்றுக்கொடுத்து, ஐந்தரை ஆண்டு தொடர்ந்து கவனித்து, 1997-இல் முடிவைச் சொன்னார்கள். இடுப்புக் காயத்தின் எண்ணிக்கை குறையவில்லை, செலவும் குறையவில்லை, காயப்பட்டவர்கள் வேலைக்குத் திரும்ப எடுத்த காலமும் குறையவில்லை. கூடியது ஒன்றே ஒன்று: தூக்கும் முறை பற்றிய அறிவு. இடுப்புக் கச்சின் கதியும் இதுவே. 160 புதிய கடைகளில் சரக்குத் தூக்கும் ஊழியர்களைக் கொண்டு நடந்த ஆய்வு 2000-இல் வெளிவந்தது. கச்சு கட்டாயமாக்கப்பட்ட கடைக்கும் மற்ற கடைக்கும் காயத்தில் வேறுபாடில்லை. உலகச் சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்ட நாள்பட்ட இடுப்புவலிக்கான வழிகாட்டி, கச்சு, முதுகை இழுக்கும் இயந்திரம், அல்ட்ராசவுண்ட், மின்னதிர்வு நான்கையும் வழக்கமான சிகிச்சையாகத் தர வேண்டாம் என்கிறது. சிகிச்சை அறையில் குப்புறப் படுத்து இயந்திரத்துக்கு உடம்பைக் கொடுத்துவிட்டுத் திரும்புவதைப் பிசியோ என்று நம்பும் நோயாளிகளுக்கும், அப்படியே செய்து அனுப்பும் சில மையங்களுக்கும் இது பிடிக்காத செய்தி.

இங்கே வலுவான எதிர்வாதம் ஒன்று எழும். நாளெல்லாம் குலை தூக்கும் ஆளுக்குப் பயிற்சி வேறா? அவர் செய்வதே பயிற்சிதானே? கேள்வி நியாயமானது, விடையும் உண்டு. உடம்பு வலுப்பெறுவது சுமையின்போது அல்ல, சுமைக்குப் பின் கிடைக்கும் இடைவெளியில். பயிற்சி என்பது குறுகிய நேரம், பல திசைகளில், தசை களைக்கும் வரை தூக்கிவிட்டு ஒருநாள் விடுவது. தோட்ட வேலை என்பது அதே அசைவை, களைத்த பிறகும், குலைக் கணக்குக் கூலிக்காக, வாரத்துக்கு ஆறு நாள் செய்வது. ஓய்வுநேர உடற்பயிற்சி இதயத்துக்கு நன்மை செய்வதையும், அதே அளவு வேலைநேர உழைப்பு அந்த நன்மையைத் தராததையும் டென்மார்க் ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். கழி பிடித்து இழுப்பவரின் முன்தோள் முறுக்கேறியிருக்கும். தோள்பட்டையைப் பின்னுக்கு இழுக்கும் தசையும் புட்டத் தசையும் அந்த அளவுக்கு இருக்காது. அவருக்குப் பயிற்சி வேண்டியது வேலை விட்டுவைத்த அந்த இடங்களுக்கு.

பயிற்சி காக்கிறது என்பதற்கு ஆதாரம் உறுதியாகவே இருக்கிறது. இடுப்புவலியைத் தடுக்கும் வழிகளைச் சோதித்த 21 ஆய்வுகளை, மொத்தம் 30,850 பேரை, 2016-இல் ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். பயிற்சியும் விளக்கமும் சேர்ந்தபோது வலி வரும் வாய்ப்பு ஏறத்தாழ 45 விழுக்காடு குறைந்தது. விளக்கம் மட்டும், கச்சு மட்டும், செருப்புக்குள் வைக்கும் மெத்தை மட்டும் என்றால் எதுவும் குறையவில்லை. பயிற்சி தொடர்ந்தால்தான் பலனும் நீடிக்கும் என்பதையும் அதே ஆய்வு சுட்டுகிறது. நடையும் போதும்: ஆஸ்திரேலியாவில் இடுப்புவலியிலிருந்து தேறிய 701 பேரில் நடைப்பயிற்சித் திட்டத்தில் சேர்ந்தவர்களுக்கு வலி திரும்ப நடுக்கணக்கில் 208 நாளானது, சேராதவர்களுக்கு 112 நாள். 2024-இல் வெளிவந்த முடிவு இது.

நடைமுறை என்று வந்தால் காரியம் எளிது. இடுப்பு பிடித்த முதல் ஓரிரு நாள் எந்த நிலையில் வலி தணிகிறதோ அப்படிப் படுக்கலாம், ஆனால் மணிக்கொரு முறை எழுந்து லயத்து வாசல்வரையாவது நடக்க வேண்டும். மூன்றாம் நாளிலிருந்து நடையைப் பத்து நிமிடம், பதினைந்து நிமிடம் என்று கூட்டலாம். வலியே இல்லாத நாளுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. பத்தில் நான்கு ஐந்துக்கு மேல் போகாமலும், மறுநாள் காலைக்குள் பழைய அளவுக்கு இறங்கியும் விட்டால் அந்த வலி ஆபத்தில்லாதது. வலி தணிந்த பிறகு வாரத்துக்கு இரண்டு மூன்று நாள் வலுப்பயிற்சி. மல்லாந்து முழங்காலை மடித்து இடுப்பை உயர்த்துவது. நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து உட்காருவது. ஐந்து கிலோ அரிசிப் பையை இடுப்பிலிருந்து குனிந்து எடுத்து நிமிர்வது. அதே பையை ஒரு கையால் வயிற்றருகே இழுப்பது. ஒவ்வொன்றும் எட்டு முதல் பன்னிரண்டு முறை. எளிதாகிவிட்டால் எடையைக் கூட்ட வேண்டும்; இங்கேதான் பெரும்பாலோர் நின்றுவிடுகிறார்கள், ஒரே எடையில் ஒரு வருடம் ஓட்டுகிறார்கள். முதுகு வளைந்தபடி பையை எடுத்தால் என்னாகுமோ என்ற அச்சத்துக்கும் காரணமில்லை. குறைந்த எடையில் தொடங்கிப் பழகிய முதுகு வளைந்த நிலையிலும் தூக்கும். பழகாத முதுகு நேராக நின்றாலும் பிடித்துக்கொள்ளும்.

கழி பிடிப்பவருக்கு அண்ணாந்த கழுத்தை இடையிடையே இறக்கித் தாடையை உள்ளே இழுப்பதும், தோள்பட்டைகளைப் பின்னுக்குச் சேர்ப்பதும் உதவும். நீரிழிவு உள்ளவரின் தோள் காரணமின்றி இறுகிக் கை தூக்க முடியாமல் போனால் அது வேலைக் காயமாக இல்லாமல், நீரிழிவோடு வரும் தோள் விறைப்பாக இருக்கலாம். 2019-ஆம் ஆண்டு தேசியச் சுகாதார ஆய்வின்படி மலேசிய இந்தியரில் வளர்ந்தோர் 31.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. சுளுக்கு எடுப்பவரிடம் போய் அந்தத் தோளை வலுக்கட்டாயமாக இழுத்துக்கொள்வது வலியை மாதக்கணக்கில் நீட்டும்.

வேலை வரிசையிலும் எளிய மாற்றம் ஒன்று கிடக்கிறது. இரவில் படுத்திருக்கும்போது முதுகுத் தட்டுகள் நீரை உறிஞ்சி உப்பிக்கொள்கின்றன. எழுந்த முதல் ஒரு மணி நேரத்தில் குனிந்தால் அவற்றின் மேல் விழும் அழுத்தம் பகலைவிட மிக அதிகம். காலையில் குனிவதைத் தவிர்க்கச் சொன்னதாலேயே நாள்பட்ட வலி குறைந்ததாக 1998-இல் ஓர் ஆய்வு காட்டியது. தோட்டத்திலோ விடிந்ததும் முதல் வேலையே பளு. உதிரிப் பழத்தையும் வண்டி ஏற்றத்தையும் ஒரு மணி நேரம் தள்ளிப்போட்டு, வெட்டும் பாதை பார்ப்பதையும் கருவி தீட்டுவதையும் முன்னே கொண்டுவர எந்தச் செலவும் ஆகாது. பெரட்டில் ஐந்து நிமிடம் கைகாலை நீட்டச் சொல்லிவிட்டுப் பாதுகாப்பு ஏற்பாடு முடிந்தது என்று எழுதிக்கொள்வதைவிட இது உருப்படியானது. நீட்டிச் சோம்பல் முறிப்பதால் மட்டும் காயம் குறைந்ததாக ஆதாரம் இல்லை.

தைலத்தோடு இந்த மறுப்புக்குச் சண்டை கிடையாது. கோடாலித் தைலமும் சூட்டு ஒத்தடமும் உருவி விடுவதும் சில மணி நேரம் வலியைத் தணிக்கும். அந்தச் சில மணி நேரத்தில் எழுந்து நடந்தால் அது நல்ல பயன். தைலம் தேய்த்துவிட்டுப் படுத்தால் வாசனைதான் மிச்சம். அஞ்ச வேண்டியது வேறொன்றை. மூட்டுவலிக்கு என்று சந்தையிலும் கைமாற்றாகவும் விற்கப்படும் பதிவில்லாத மாத்திரைகளிலும் ஜாமுப் பொட்டலங்களிலும் டெக்ஸாமெத்தசோன் என்னும் ஸ்டீராய்டு கலந்திருப்பதை மலேசிய மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் திரும்பத் திரும்பக் கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறார்கள். இரண்டே நாளில் வலி பறந்துவிடும். மாதக்கணக்கில் தின்றால் முகம் வீங்கும், சர்க்கரை ஏறும், எலும்பு மெய்யாகவே கரையும். இல்லாத தேய்மானத்துக்குப் பயந்து தின்ற மருந்து உள்ள எலும்பைத் தின்றுவிடும். நெடுநாள் சாப்பிட்டவர் சட்டென்று நிறுத்துவதும் ஆபத்து. மருத்துவர் பார்த்துத்தான் குறைக்க வேண்டும்.

இவ்வளவும் சாதாரண இடுப்புவலிக்கு. சில வலிகள் சாதாரணமல்ல. தொடையிடுக்கும் ஆசனவாயைச் சுற்றியும் மரத்துப்போவது, சிறுநீர் மலம் அடக்க முடியாமல் அல்லது போக முடியாமல் ஆவது, கால் நாளுக்கு நாள் வலுவிழப்பது ஆகியவை தெரிந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்; மறுநாள் வரை தள்ளக் கூடாது. காய்ச்சலோடு முதுகுவலி, காரணமில்லாத எடையிழப்பு, இரவில் படுத்தாலும் தணியாத வலி, முன்பு புற்றுநோய் இருந்தது, விழுந்த பிறகு வந்த வலி, நெடுநாள் ஸ்டீராய்டு ஆகியவையும் பரிசோதனை கேட்பவை. காசநோய் இன்னும் ஒழியாத நாடு இது. முதுகெலும்பிலும் அது வரும். எக்ஸ்ரேயும் எம்.ஆர்.ஐ.யும் உண்மையில் தேவைப்படுவது இவர்களுக்குத்தான்.

மேலே சொன்ன இரட்டையர் ஆய்வை நிர்வாகம் தனக்குச் சாதகமாகத் திருப்பக்கூடும்: தட்டு தேய்வதற்கு வேலை காரணமில்லை என்றால் எங்களுக்கென்ன பொறுப்பு என்று. வேலை தட்டைத் தேய்க்கவில்லை என்பது வேறு, வேலை வலியைத் தரவில்லை என்பது வேறு. தாங்கும் அளவைத் தாண்டிய சுமை, இடைவெளியின்மை, கூலிக் கணக்கின் அவசரம் ஆகியவை வலியை வரவழைப்பவை. மூன்றும் நிர்வாகத்தின் கையில் இருப்பவை. ஏற்ற நிலையில், இரு கையால், உடம்போடு அணைத்துத் தூக்கும்போதுகூட 23 கிலோவுக்கு மேல் வேண்டாம் என்பது அமெரிக்கத் தொழில்சார் சுகாதார நிறுவனம் 1991 முதல் வைத்திருக்கும் கணக்கு. பெரிய குலை அந்த எல்லையைத் தனியாகவே தாண்டும், சரிவும் முள்ளும் வேறு. வேலையிடத்து உடலியல் ஆபத்துகளை மதிப்பிடும் வழிகாட்டியை மலேசியத் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரத் துறை 2017-இல் வெளியிட்டது. திருத்தப்பட்ட 1994-ஆம் ஆண்டுச் சட்டம் 2024 ஜூன் 1 முதல் எல்லா முதலாளிகளையும் ஆபத்து மதிப்பீடு செய்யக் கடமைப்படுத்துகிறது. மரம் கைக்கு எட்டாத உயரம் போகுமுன் மறுநடவு செய்வது, உயரம் இடங்கொடுக்கும் வரை மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியம் உருவாக்கிய கந்தாஸ் போன்ற எஞ்சின் அரிவாளைத் தருவது, கரிமண்ணுக்கு ஏற்ற வண்டி தருவது, பெரிய குலையை இருவர் தூக்கக் கணக்கு வைப்பது ஆகியவற்றில் ஒன்றுகூடச் சுவர்ப் படத்தில் இல்லை.

சிகிச்சைக்கு எட்டும் தூரமும் ஒரு பிரச்சினைதான். பிசியோக்களைப் பயிற்றுவிக்கும் மாரா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் வளாகம் இதே மாவட்டத்தின் புஞ்சாக் ஆலமில் இருக்கிறது. ஆனாலும் தோட்டத்து உள்ளிருந்து வாரம் இரு முறை மருத்துவமனைக்குப் போய்வருவது கூலியாளுக்குக் கட்டுப்படியாகாது. நல்லவேளையாக, இந்தச் சிகிச்சைக்கு வாரம் இரு முறை போகத் தேவையும் இல்லை. முதல் தடவை சரியான மதிப்பீடும் பயிற்சித் திட்டமும், மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு முறை எடையைக் கூட்டிக்கொடுக்க ஒரு சந்திப்பும் இருந்தால் மீதியை வீட்டிலேயே செய்யலாம். ஆஸ்திரேலிய நடைத் திட்டத்தில் ஆறு மாதத்துக்கு ஆறே சந்திப்புகள்தான்.

வேலையில் காயம்பட்டவருக்குச் சொக்சோ என்னும் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தின் உதவி உண்டு. குறைந்தது நான்கு நாள் வேலை செய்ய முடியாமல் போனால் கணக்கிடப்பட்ட தினக்கூலியில் 80 விழுக்காடு தற்காலிக இயலாமைத் தொகையாகக் கிடைக்கும்; 2019 ஜனவரி முதல் வெளிநாட்டுத் தொழிலாளிகளும் இதில் அடக்கம், இன்று பெரும்பாலான நிரைகளில் குலை வெட்டுவது அவர்களே. ஒரே நாளில் நடந்த விபத்துக்கு இது எளிதில் கிடைக்கிறது. மெல்ல மெல்ல வந்த இடுப்புவலி எந்த நாளில் வந்தது என்று காட்டச் சொன்னால் தொழிலாளி விழிப்பார். வலி தொடங்கிய அன்றே மண்டோரிடமோ கிராணியிடமோ சொல்லி எழுத்தில் பதிய வைப்பதும், கிளினிக்கில் என்ன வேலை செய்தபோது வந்தது என்று தெளிவாகச் சொல்வதும் அந்தச் சிக்கலைக் குறைக்கும். சொக்சோ 2007 முதல் நடத்தும் வேலைக்குத் திரும்பும் திட்டம், வேலையளித்தவரோடு பேசி இடைக்கால வேலை ஏற்பாடு செய்யக்கூடியது. படுக்கைக்கும் முழு வேலைக்கும் நடுவே இல்லாமல் போன படி அங்கே இருக்கிறது. முதல் வாரம் வழக்கமான குலைக் கணக்கில் பாதி, வலி மறுநாள் இறங்கினால் அடுத்த வாரம் முக்கால் என்று ஏற்றும் அந்த ஏற்பாட்டில், குறைந்த குலைக்காகக் கூலி குறையாமல் இருந்தால்தான் தொழிலாளி பாதியோடு நிறுத்துவார். குறைந்தால் முதல் நாளே முழுக் கணக்குக்குப் போய்விடுவார்.